எந்த வரியில் இருக்கு? விரல் வைத்துக் காட்டு

கடலூரில் சாயங்காலம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். மஞ்சக்குப்பம், முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் புதுச்சேரிப் பக்கத்துப் பாகூரிலிருந்தும் கிருமாம்பாக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் என்று கலந்து இருப்பார்கள். வந்த முதல் நாள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "மிஸ், வார்த்தைக்கு அர்த்தம் தெரியல, அதான் பேசேஜ் புரியல." நானும் ரொம்ப நாள் அதை நம்பினேன். அப்புறம் ஒரு தடவை, பேசேஜில், அதாவது வாசித்து விடை சொல்லக் கொடுக்கும் ஆங்கிலப் பகுதியில், இருந்த கடினமான சொல் அத்தனைக்கும் பக்கத்திலேயே தமிழ் அர்த்தம் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். அப்போதும் பாதிக் கேள்விக்குத் தப்பான விடைதான் வந்தது. ஆக, சிக்கல் வார்த்தையில் மட்டும் இல்லை.

இது எனக்குத் தெளிவானது சீனாவில் பள்ளி முடிக்கிற பிள்ளைகள் எழுதும் காவ்காவ் தேர்வின் ஆங்கில வினாத்தாள்களை எடுத்துப் பார்த்தபோது. வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் நடக்கிற தேர்வு அது. ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். இப்போது பல மாகாணங்கள் எழுதும் பொதுத்தாளில் வாசித்து விடை சொல்லும் பகுதிக்கு மட்டும் 20 கேள்வி, 50 மதிப்பெண். வீட்டில் சீனம் பேசி, வகுப்பில் மட்டும் ஆங்கிலத்தைப் பார்க்கிற பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறதோ, ஏறக்குறைய அதே இடத்தில்தான் நம் பிள்ளையும் விழுகிறது.

ஏன் என்று பார்க்கலாம். தமிழுக்கும் சீனத்துக்கும் உறவு கிடையாது. ஆனால் ஒரு பெயரைப் பற்றி விவரம் சொல்லும்போது இரண்டு மொழியும் அந்த விவரத்தைப் பெயருக்கு முன்னாலேயே சொல்லிவிடும். "2011இல் கடலூரைத் தாக்கிய புயலில் படகை இழந்த மீனவர்" என்கிறோம், மீனவர் கடைசியில்தான் வருகிறார். சீனத்திலும் விவரம் எல்லாம் முதலில் வந்து, 'த' என்று ஒரு சின்னச் சொல் ஒட்டி, அதற்குப் பிறகுதான் பெயர் வரும். ஆங்கிலம் தலைகீழ். தி ஃபிஷர்மேன் ஹூ லாஸ்ட் ஹிஸ் போட் இன் தி சைக்ளோன் தட் ஹிட் கடலூர் இன் 2011 நௌ ரன்ஸ் எ டீ ஷாப். மீனவர் முதலிலேயே வந்துவிட்டார், விவரம் வாலைப் போல நீண்டுகொண்டே போகிறது, டீக்கடை வரும்போது அதை யார் நடத்துகிறார்கள் என்பதே நம் பிள்ளைக்கு மறந்துபோகிறது. இத்தனைக்கும் இந்த வாக்கியத்தில் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை.

இதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் வழி, பென்சிலை எடுத்து வினைச்சொற்களை எண்ணுவது. மேலே உள்ள வாக்கியத்தில் மூன்று வினை: லாஸ்ட், ஹிட், ரன்ஸ். ஹூ, தட், விச் என்று எது வந்தாலும் அது தனக்கென்று ஒரு வினையை இழுத்துக்கொள்ளும். ஹூ என்பது லாஸ்டை எடுத்துக்கொண்டது, தட் என்பது ஹிட்டை எடுத்துக்கொண்டது. மிச்சம் நிற்கிற ரன்ஸ் யாருக்கு? வாக்கியத்தின் தலைவரான மீனவருக்கு. இப்போது ஹூவிலிருந்து 2011 வரைக்கும் ஒரு அடைப்புக்குறி போட்டு மூடிவிட்டு மிச்சத்தை மட்டும் படியுங்கள்: மீனவர் இப்போது டீக்கடை நடத்துகிறார். எலும்புக்கூடு கிடைத்துவிட்டது, சதையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. சில சமயம் ஆங்கிலம் அந்த தட் என்ற சொல்லையே விழுங்கிவிடும். தி போட் ஹீ பாட் லாஸ்ட் இயர் சாங்க் என்று வரும், அதாவது அவன் போன வருஷம் வாங்கிய படகு மூழ்கிவிட்டது. போட், ஹீ என்று இரண்டு பெயர் நடுவில் ஒன்றுமே இல்லாமல் ஒட்டி நின்றால், அங்கே ஒரு தட் ஒளிந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள்.

தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில், போனான், போனாள், போனார்கள் என்று விகுதியோடு வந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் நாம்தான் தேட வேண்டும். அதிலும் நாம் பெயர்ச்சொல்லாக மட்டும் பழகிய சொற்கள் வினையாக வந்தால் ஆளே மாறிவிடும். புக் என்றால் புத்தகம் என்று நினைப்போம், அங்கே டிக்கெட் பதிவு செய்வதாக இருக்கும். அட்ரஸ் என்றால் வீட்டு முகவரி, ஆனால் பேசேஜில் வரும் அட்ரஸ் பெரும்பாலும் ஒரு பிரச்சினையைக் கையில் எடுப்பது, அல்லது கூட்டத்தில் பேசுவது. ஹார்ட்லி என்பதை என்னிடம் வருகிற பிள்ளைகளில் பத்துக்கு எட்டுப் பேர் 'கடினமாக' என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஹீ ஹார்ட்லி வொர்க்ஸ் என்றால் அவன் வேலையே செய்வதில்லை என்று சொல்லலாம், அவ்வளவு எதிர்ப்பதம். அப்புறம் ஃபியூ, எ ஃபியூ. முதலாவதற்கு 'அனேகமாக யாரும் இல்லை', இரண்டாவதற்கு 'ஒரு சிலர் இருக்கிறார்கள்'. அந்த ஒற்றை எழுத்து நம் மொழியிலும் இல்லை, சீனத்திலும் இல்லை. இல்லாத பொருளைக் கண் தேடாது, தாண்டிப் போய்விடும். நோட்டில் எழுதிவைக்க வேண்டியவை இந்த மாதிரிச் சொற்கள்தான், அகராதியிலிருந்து பொறுக்கிய பெரிய பெரிய சொற்கள் வேண்டாம். ஒரு பேசேஜுக்கு ஐந்து சொல் போதும். சொல்லை மட்டும் எழுதாமல் அது வந்த வாக்கியத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்போது முக்கியமான பழக்கத்துக்கு வருகிறேன். எந்தக் கேள்விக்கு விடை எழுதினாலும், அந்த விடை பேசேஜின் எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். அந்த வரியின் கீழே கோடு போட்டு, ஓரத்தில் கேள்வி எண்ணை எழுத வேண்டும். விரல் வைக்க இடம் இல்லை என்றால் அந்த விடை உங்கள் தலையிலிருந்து வந்தது, பேசேஜிலிருந்து வரவில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். தானே புயல் 2011 டிசம்பர் 30ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. இப்போது பிளஸ் டூ படிக்கிறவர்கள் அப்போது சின்னக் குழந்தைகள், ஆனாலும் வீட்டில் பேச்சு அடிபடாமல் இருந்திருக்காது. அதை வைத்து நானே கற்பனையாக ஒரு பேசேஜ் எழுதினேன். ஒரு விவசாயியின் பலாத் தோப்பு முழுவதும் விழுந்துவிடுகிறது, அக்கம்பக்கத்தார் வேறு பயிருக்கு மாறச் சொல்கிறார்கள், அவருடைய மகள் கேட்டுக்கொண்டதால் அவர் மறுபடியும் பலாவையே நடுகிறார். ஏன் மறுபடியும் பலா நட்டார் என்று கேள்வி. பாதிப் பேர் "பலாவில் நல்ல வருமானம்" என்று எழுதியிருந்தார்கள். ஊருக்குத் தெரிந்த உண்மைதான். ஆனால் பேசேஜில் ஒரு வரிகூட அப்படி இல்லை. நமக்குத் தெரிந்த விஷயத்தைப் படிப்பது ரொம்ப நல்லது, சீக்கிரம் புரியும், பயம் போகும். ஆனால் தெரிந்த விஷயத்தில்தான் வாசிக்காமலேயே விடை சொல்லும் ஆபத்தும் அதிகம். அதனால் பயிற்சிக்கு ஊர் விஷயம் எடுக்கும்போது விரல் விதியை இன்னும் கறாராக வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளில் தப்பான விடைகள் சும்மா எழுதப்பட்டவை அல்ல, அவற்றை யோசித்துத்தான் செய்கிறார்கள். ரொம்பவும் ஏமாற்றுவது எது என்றால், பேசேஜில் இருந்த அதே சொற்களை எடுத்துப் போட்டு ஒரே ஒரு இடத்தை மட்டும் மாற்றியது. பேசேஜில் சம் என்று இருந்தது விடையில் ஆல் ஆகியிருக்கும், மே என்பது வில் ஆகியிருக்கும், காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கும். சொல் கண்ணில் பட்டதும் டிக் அடித்துவிடுகிறோம். இன்னொரு வகை, அது உண்மையாகவே பேசேஜில் இருக்கும், ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. தலைப்பு கேட்டால் ஒரு விடை ஒரு பத்திக்கு மட்டும் பொருந்தும், இன்னொன்று உலகத்தையே அடக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கும், இரண்டும் வேண்டாம். சரியான விடையை மட்டும் கண்டுபிடித்தால் பயிற்சி முடியாது. மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சொல்லிப் பாருங்கள். இதற்கு நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

காவ்காவ் தாளிலிருந்து நான் அப்படியே எடுத்துக்கொண்ட பயிற்சி ஒன்று இருக்கிறது. ஒரு பேசேஜில் ஐந்து வாக்கியங்களைப் பிடுங்கிவிட்டு ஐந்து காலி இடம் விடுவார்கள், கீழே ஏழு வாக்கியம் இருக்கும், இரண்டு உபரி. எது எங்கே பொருந்தும் என்று வைக்க வேண்டும். அகராதியால் இதற்கு உதவ முடியாது, பத்தி எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் முடியும். திஸ் என்று தொடங்கினால் முன்னால் எது? தே என்றால் யார்? ஹவெவர் வந்தால் அதற்கு முன்னும் பின்னும் எதிரெதிராக இருக்கிறதா? இன்ஸ்டெட் வந்தால் வேண்டாம் என்று தள்ளியது எது? வீட்டிலேயே செய்யலாம். நண்பனிடம் ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து ஐந்து வாக்கியங்களை வெட்டச் சொல்லுங்கள், அதே விஷயத்தில் வேறெங்கிருந்தோ இரண்டு வாக்கியம் சேர்க்கச் சொல்லுங்கள், அவன் தருவதை நீங்கள் பொருத்துங்கள், நீங்கள் வெட்டியதை அவன் பொருத்தட்டும். வெட்டுகிறவருக்கும் இதில் பாதிப் பயிற்சி ஆகிவிடுகிறது. அந்தப் பழைய தாள்கள் இணையத்தில் கிடைக்கும். சில கடினச் சொற்களுக்குப் பக்கத்தில் சீன எழுத்தில் அர்த்தம் போட்டிருப்பார்கள், அதைக் கண்டு மிரள வேண்டாம், விட்டுவிட்டுப் படியுங்கள்.

எதைப் படிப்பது என்று கேட்கிறார்கள். செய்தித்தாளின் தலையங்கத்திலிருந்து தொடங்கச் சொல்வது வழக்கம், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தலையங்கத்துக்கு முன்கதை தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலப் பத்திரிகையில் நம் மாவட்டச் செய்தி எங்கே வருகிறது என்று பார்த்து அதிலிருந்து தொடங்குங்கள்: மீன்பிடித் தடைக்காலம், கெடிலத்தில் வெள்ளம், நெல்லிக்குப்பம் கரும்பு. பத்திரிகை வாங்க வழியில்லாதவர்கள் இந்தப் பக்கம் மாவட்ட மைய நூலகத்துக்குப் போகலாம், அந்தப் பக்கம் புதுச்சேரியில் 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. விக்கிப்பீடியாவில் எளிய ஆங்கிலத்துக்கென்றே தனிப் பதிப்பு உண்டு, நேராக அதற்குப் போங்கள். தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பற்றி ஆங்கிலத்தில் படித்துவிட்டு, அன்று சாயங்காலம் சில்வர் பீச் போகும் வழியில் அந்த இடத்தைப் பார்த்த பிள்ளைக்கு அந்தப் பத்தி மறக்கவே இல்லை.

அளவைப் பொறுத்தவரை வாரத்துக்கு மூன்று பேசேஜ் போதும். முதல் நாள் கடிகாரம் வைத்து, அகராதி இல்லாமல், 350 சொல் பேசேஜுக்குக் கேள்விகளோடு சேர்த்துப் பதினைந்து நிமிடம். விடைத்தாளை அன்றைக்கே பார்க்காதீர்கள். மறுநாள் அதே பேசேஜை எடுத்து வினையை எண்ணி, அடைப்புக்குறி போட்டு, விரல் வைத்து, விடையை மாற்ற வேண்டியிருந்தால் வேறு நிற மையில் மாற்றுங்கள். அதற்கு அப்புறம்தான் விடைத்தாள். நீங்களே திருத்திக்கொண்ட தப்பு எத்தனை, கடைசி வரை தெரியாமல் போன தப்பு எத்தனை என்று இப்போது தெரியும், முதல் வகைக்கு நிதானம் வேண்டும், இரண்டாவதற்குத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து பேசேஜ் போட்டுவிட்டு விடையை மட்டும் சரிபார்த்து மூடுகிற பிள்ளை மாதக் கடைசியிலும் அதே இடத்தில்தான் நிற்கிறது, நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். ஆங்கிலத்திலேயே யோசி, தமிழைப் பக்கத்தில் விடாதே என்று சொல்வார்கள். நான் படித்த காலத்தில் எனக்கும் அதைத்தான் சொன்னார்கள், அதனால் புரியாததைப் புரியவில்லை என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் தமிழ் எழுதுவது கெடுதல், அது உண்மை, ஏனென்றால் சொற்களின் வரிசை ஆங்கிலத்தில் இருக்கும், அர்த்தம் தமிழில் இருக்கும், இரண்டும் சேராது. ஆனால் ஒரு பத்தி முடிந்ததும் பேப்பரிலிருந்து கண்ணை எடுத்து, அதில் என்ன சொன்னான் என்று ஒரே வரியில் தமிழில் வாய்விட்டுச் சொல்வது மாதிரி நல்ல சோதனை எனக்குத் தெரிந்து வேறு இல்லை. பக்கத்தில் அம்மா இருந்தால் அம்மாவிடம் சொல்லுங்கள். அவருக்குப் புரிந்தால் உங்களுக்கும் புரிந்திருக்கிறது.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசரம். பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் 80 மதிப்பெண் தாளில் வாசிப்புக்கு மட்டும் 22, இரண்டு பேசேஜ், ஒன்றில் புள்ளிவிவரப் படமும் வரும். படம் வந்தால் முதலில் அதன் தலைப்பையும், எண்கள் சதவீதமா, ஆயிரமா, லட்சமா என்பதையும் பாருங்கள், அப்புறம் பத்திக்குப் போங்கள். மாதிரித் தாள்களும் மதிப்பெண் தரும் முறையும் வாரியத்தின் தளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. கேள்விகளை முதலில் படிப்பதா, பேசேஜை முதலில் படிப்பதா என்று கேட்டால், கேள்விகளை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேசேஜுக்குப் போங்கள், கீழே கொடுத்திருக்கும் விடைகளைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். தப்பான விடையை முதலில் படித்துவிட்டால் பேசேஜ் முழுக்க அதையே கண் தேடிக்கொண்டிருக்கும்.