கர்ண மோட்சம் கூத்து பாக்கப் போறீங்களா? இதை மட்டும் தெரிஞ்சுக்கிட்டு போங்க

காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி, செஞ்சி பக்கம் திரௌபதி அம்மன் கோயில்கள்ல வெயில் காலத்துல பாரதம்னு மகாபாரதக் கதைத் திருவிழா நடக்கும், பகல்ல பிரசங்கம் ராத்திரி கூத்து. எந்தக் கூத்தை மொதல்ல பாக்கலாம்னு கேட்டா நான் கர்ணன் சாவுற கதையான கர்ண மோட்சம்தான் சொல்லுவேன். சோகக் கதைய காசு செலவு பண்ணி, தூக்கத்த விட்டு உக்காந்து பாக்குறதுல மனுஷனுக்கு அப்படி என்ன கெடைக்குதுன்னு அங்க உக்காந்தா தெரியும், புஸ்தகத்துல படிச்சா முழுசா தெரியாது.

கதைய முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு போங்க. குந்தி ஆத்துல விட்ட புள்ள, தேரோட்டி வளத்தது, துரியோதனன் அங்க தேசத்தக் குடுத்தது, கவச குண்டலத்த இந்திரன் வந்து வாங்கிட்டுப் போனது, போருக்கு முன்னாடி குந்தி வந்து நாகாஸ்திரத்த ரெண்டாவது தடவ விடக்கூடாதுன்னு வரம் கேட்டது, இவ்ளோ தெரிஞ்சா போதும். முடிவு தெரிஞ்சா சுவாரஸ்யம் போயிடும்னு நெனைக்காதீங்க, இங்க நேர் எதிர். கர்ணன் சாவப் போறான்னு அங்க இருக்குற சின்னப் பசங்களுக்குக் கூட தெரியும், அதனால அடுத்து என்ன ஆகும்ங்கற பதட்டமே கெடையாது, மனசு முழுக்க அந்த ஆள் மேலயே இருக்கும். தெரிஞ்சே சாவுக்குப் போறவன் எப்படிப் பேசுறான், யாருகிட்ட கோவப்படுறான், கேட்டவங்களுக்கு எப்படி இல்லன்னு சொல்லாம குடுக்குறான்னு பாக்கத்தான் நாம போறோம்.

பத்து மணி வாக்குல ஆரம்பிச்சு விடியிற வரைக்கும் போகும். பாய், போர்வை எடுத்துக்கோங்க, சாயங்காலமே ஒரு தூக்கம் போட்டுட்டு போங்க. பாதியில எந்திரிச்சு வந்தீங்கன்னா கர்ணன் வேஷம் கட்டி வர்றதை மட்டும் பாத்திருப்பீங்க, அழ வேண்டிய எடமெல்லாம் பின்ராத்திரிக்கு மேலதான்.

கர்ணன் மொதல் வரவ மட்டும் தவற விட்றாதீங்க. ரெண்டு பேர் திரையப் புடிச்சு நிப்பாங்க, மேல கிரீடத்தோட நுனி தெரியும், கீழ சலங்கை கட்டுன காலு தெரியும், முகவீணைங்கற சின்ன ஊதுகருவியும் மத்தளமும் ஏற ஏற உள்ளேர்ந்து பாட்டு வரும், அவன் பெருமையெல்லாம் அவனே பாடுவான். திரை வெலகுனதும் தோள்ல புஜக்கட்டையோட அவன் கிரிக்கின்னு சொல்ற வேகச் சுத்து சுத்துறப்ப அவ்ளோ கம்பீரமா இருக்கும். அந்த கம்பீரத்த நல்லா கண்ணுல வாங்கி வெச்சுக்கோங்க, விடியக்காலைல மனசு ஒடையறது இதாலதான்.

தொல்காப்பியம் அழுகை எதுலேர்ந்து வரும்னு நாலு சொல்லுது, இளிவு, இழவு, அசைவு, வறுமை. அவமானப்படறது, இழக்குறது, இருந்த நெலமைலேர்ந்து சரியறது, ஒண்ணும் இல்லாம போறது. கூத்து பாக்குறப்ப இத மனசுல வெச்சுக்கிட்டா எந்த எடத்துல ஏன் தொண்ட அடைக்குதுன்னு புரியும். எனக்கு எப்பவும் இளிவு வர்ற எடந்தான். பொன்னுருவி சீன். போருக்குப் போறதுக்கு முன்னாடி கர்ணன் பொண்டாட்டி பொன்னுருவிகிட்ட விடை வாங்க வருவான், அவ ராஜா மக, இவன் தேரோட்டி மகன்னு கிட்ட வராதங்கற மாதிரி பேசுவா, அப்பத்தான் தன் பொறப்பு ரகசியத்தையே அவகிட்ட சொல்லுவான், சொன்னதுக்கப்புறம் அவ போகாதன்னு அழுவா, அப்ப நேரம் முடிஞ்சு போயிருக்கும். ஜமான்னா கூத்துக் குழு, ஜமாவுக்கு ஜமா வசனம் மாறும், ஆனா இந்த சீன்ல பின்பாட்டு எடுக்குறப்ப கூட்டத்துல பேச்சு நின்னுடும்.

நடுவுல கோமாளி மாதிரி கட்டியக்காரன் வந்து ஊர்க் கதை பேசி சிரிக்க வைப்பான், சோகத்த கெடுக்குறான்னு எரிச்சல் படாதீங்க. சிரிச்சு இளகுன மனசாலதான் மறுபடியும் அழ முடியும், ராத்திரி முழுக்க ஒரே இறுக்கத்துல யாராலயும் உக்கார முடியாது.

எங்க உக்காரணும்னா முன்னாடி வயசான பொம்பளைங்க உக்காந்திருப்பாங்க பாருங்க, அவங்களுக்கு கிட்ட. செத்துட்டு இருக்குறவன்கிட்ட கிருஷ்ணன் பிராமணனா வந்து புண்ணியத்த தானம் கேக்குறப்பவும், குந்தி ஓடி வந்து மடியில போட்டுக்கிட்டு மகனேன்னு கதறுறப்பவும் அவங்க அழுவாங்க, அது உங்கள தொத்திக்கும். ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல ராபின் டன்பார்ங்கற ஆய்வாளரோட குழு 2016ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, ஒரு சோகப் படத்த சேந்து பாத்தவங்கள்ல யாருக்கு மனசு ரொம்ப அசைஞ்சுதோ அவங்களுக்கு வலி தாங்குற அளவும் கூடுச்சு, பக்கத்துல உக்காந்தவங்க மேல ஒட்டுதலும் கூடுச்சுன்னு. ஃபோன்ல தனியா வீடியோ பாத்தா இதுல பாதிதான் கெடைக்கும்னு நான் நெனைக்கிறேன், அதனால நேர்ல போங்க, ஃபோன உள்ள வெச்சிடுங்க.

இன்னொரு விஷயம், இந்தக் கூத்த திருவிழாவுல மட்டும் இல்ல, சாவு நடந்த வீட்ல கருமாதிக்கும் வெப்பாங்க. ஏற்கனவே அழுதுட்டு இருக்குறவங்க எதுக்கு இன்னொரு சாவ கூப்ட்டு ஆட வெக்கணும்னு வெளியூர்க்காரங்க கேப்பாங்க. தன் வீட்டுச் சாவுக்கு அழுறப்ப காரியம் பாக்கணும், சாப்பாடு பாக்கணும், சொந்தக்காரங்க மொகத்தப் பாக்கணும், நெனச்சபடி அழ முடியாது. கர்ணனுக்கு அழுறப்ப எந்தக் கணக்கும் இல்ல, ஊரே சேந்து அழுவும், அதுல அவங்க துக்கமும் கலந்து போயிடும். அப்படி நடக்குற எடத்துக்குப் போனா பின்னாடி ஓரமா உக்காருங்க, முன்வரிசை அந்த வீட்டுக்காரங்களுக்கு.

ஜமாவுக்கு உங்களால முடிஞ்சத அன்பளிப்பா குடுங்க, மைக்ல பேர் சொல்லுவாங்க. கோயில்ல பாக்குறதா இருந்தா லீவு ரெண்டு நாளா போடுங்க, பதினெட்டாம் நாள் போர்க் கூத்தும் அடுத்து துரியோதனன் சாவக் காட்டுற படுகளமும் இருக்கு, மண்ணால செஞ்சு படுக்க வெச்ச துரியோதனனுக்கும் அங்க ஒப்பாரி வெப்பாங்க.