எழுதக் கூச்சமா? எல்லைத் தமிழர்களுக்கு ஒரு செய்முறை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, மீனாட்சிபுரம் பக்கம் வந்து பாருங்கள். பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. டீக்கடையில் ஒருத்தர் மாங்காய் விலையில் ஆரம்பித்தால் மாமனார் வீட்டுச் சண்டை வரைக்கும் போய்த்தான் நிற்பார். அதே ஆளிடம் ஒரு தாளைக் கொடுத்து, இப்போது சொன்னதை எழுதுங்கள் என்று கேளுங்கள். "அய்யோ, நமக்கு அதெல்லாம் வராதுங்க" என்பார்.

வராது என்பதை நான் நம்புவதில்லை. பொள்ளாச்சிக்குப் போனால் "நீங்க கேரளாவா, பேச்சுலயே தெரியுது" என்கிறார்கள். பாலக்காட்டு ஆபீசில் "மலையாளம் அறியில்லே?" (மலையாளம் தெரியாதா?) என்கிறார்கள். இரண்டு பக்கமும் திருத்தப்பட்டே வளர்ந்தவருக்கு, பேனாவை எடுத்ததும் தோளுக்குப் பின்னால் ஒரு வாத்தியார் சிவப்பு மையோடு வந்து நின்றுவிடுகிறார். இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு தேயிலைத் தோட்டங்களிலும் இதே நிலைமைதான். ஆகவே கீழே உள்ள படிகள் எல்லாம் முதலில் அந்த வாத்தியாரை வெளியே அனுப்புவதற்கு. இலக்கணம் பிறகு வரட்டும்.

படி 1: யாரும் பார்க்காத நோட்டு

பிள்ளைகள் பாதியில் விட்ட பள்ளிக்கூட நோட்டு போதும். அழகான டைரி வாங்காதீர்கள். அதில் அழகாகத்தான் எழுத வேண்டும் என்று கை தயங்கும். வீட்டில் ஒளித்து வைக்க இடமில்லை என்றால் தனித்தாளில் எழுதிக் கிழித்துப் போடுங்கள்; எழுதியதன் பலன் அதனால் போய்விடாது. முதல் இரண்டு வாரம் எழுதியதை நீங்களே கூடத் திரும்பப் படிக்க வேண்டாம். போனில் எழுதுகிறவர்கள் பூட்டுப் போட்ட செயலியில் எழுதுங்கள். வாட்ஸப்பில் தனக்குத்தானே அனுப்பி வைக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். கை தவறினால் குடும்ப குரூப்புக்குப் போய்விடும், அப்புறம் கல்யாண வீடு வரைக்கும் அந்தப் பேச்சு ஓயாது.

எந்த எழுத்தில் எழுதுவது? மலையாளப் பள்ளியில் படித்ததால் வீட்டில் தமிழ் பேசியும் தமிழ் எழுத்து பழகாதவர்கள் இங்கே நிறையப் பேர். அவர்கள் தமிழை மலையாள எழுத்தில் எழுதலாம். தமிழ்த்தாய் கோபித்துக்கொள்ள மாட்டாள். கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, மைக்கை அழுத்திப் பேசினால் அதுவே தட்டச்சு செய்து கொடுக்கும். நம் வட்டாரப் பேச்சைப் பல இடங்களில் தப்பாகக் கேட்டுக்கொள்ளும், அதை அப்படியே விட்டுவிட்டு மேலே பேசுங்கள்.

படி 2: பதினைந்து நிமிடம், நிறுத்தாமல்

போனில் 15 நிமிட அலாரம் வையுங்கள். அது அடிக்கும் வரை பேனா நிற்கக் கூடாது. அடித்தல் திருத்தல் இல்லை, மேலே போய்ப் படிப்பதும் இல்லை. ஒன்றும் தோன்றவில்லை என்றால் "ஒன்றும் தோன்றவில்லை" என்றே எழுதிக்கொண்டிருங்கள். கொஞ்ச நேரத்தில் மனசே சலித்துப்போய் வேறு எதையாவது எடுத்துக் கொடுக்கும். வீடு அடங்கின பிறகோ பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதோ, நேரம் உங்கள் வசதி.

படி 3: சொல்லாமல் விழுங்கியதை எழுதுங்கள்

"என் வாழ்க்கை", "என் லட்சியம்" மாதிரித் தலைப்புகளை ஒதுக்கி வையுங்கள். அவை பள்ளிக் கட்டுரைக்கானவை, உடனே அந்த வாத்தியார் திரும்பி வந்துவிடுவார். ஒரே ஒரு கேள்வி போதும்: இன்றைக்கு யாரிடம் என்ன சொல்ல நினைத்துச் சொல்லாமல் வந்தேன்?

இதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கும். ஆனால் முதலில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இப்படி எழுதுவார்கள்:

"வில்லேஜ் ஆபீஸ் போனேன். மிகவும் அவமானமாக இருந்தது. மனம் வேதனைப்பட்டது."

இதில் தப்பு ஒன்றுமில்லை, ஆனால் அங்கே நடந்தது எதுவும் இதில் இல்லை. யார் எழுதினாலும் இந்த மூன்று வரி இப்படித்தான் இருக்கும். அவமானம், வேதனை, சந்தோஷம் போன்ற சொற்கள் வருகிற இடத்தில் நின்று, அந்த நேரத்தில் கண் என்ன பார்த்தது, காது என்ன கேட்டது, கை என்ன செய்தது என்று கேளுங்கள். அப்போது இப்படி வரும்:

"ஃபாரத்தைக் கொடுத்துப் பேர் எழுதச் சொன்னார். மலையாளத்திலா இங்கிலீஷிலா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. பின்னால் நின்றவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அவரே என் பேரை எழுதினார். தப்பாக எழுதினார். சரிங்க என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்."

அவமானம் என்ற சொல்லே இதில் இல்லை, படிக்கிறவருக்கு அது தெரிந்துவிடுகிறது. எழுதினவருக்கும் ஒன்று தெரிகிறது: அன்றைக்குத் தான் கேட்க வேண்டிய கேள்வி எது என்பது. அடுத்த முறை வரிசையில் நிற்கும்போது அந்தக் கேள்வி நாக்கிலேயே இருக்கும். எழுதுவதால் வருகிற தைரியம் என்பது இவ்வளவுதான். மேடைப் பேச்சாளர் ஆகச் சொல்லவில்லை. தினமும் ஒரு விழுங்கிய வாக்கியம் என்று தொடர்ந்து எழுதுகிறவர்களுக்கு, அவற்றில் சிலவற்றை அந்த இடத்திலேயே சொல்லிவிடும் பழக்கம் வருகிறது.

படி 4: கலப்புத் தமிழை அப்படியே விடுங்கள்

"சேச்சி" (அக்கா), "வெறுதே" (சும்மா) என்று நாம் பேச்சில் சேர்க்கிற மலையாளச் சொற்களை எழுதலாமா என்ற சந்தேகம் கட்டாயம் வரும். எழுதுங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761இல் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதினார். அந்தக் காலத்துப் பேச்சுத் தமிழ், கூடவே புதுச்சேரிக் கடைத்தெருவில் புழங்கிய பிறமொழிச் சொற்கள். சுத்தம் பார்க்கிறவர்களுக்கு அது முகம் சுளிக்க வைக்கிற நடை. ஆனால் அந்த நூற்றாண்டைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அதைத்தான் தேடிப் போய்ப் படிக்கிறார்கள்.

என் யோசனை இது: பிறர் சொன்னதை அவர்கள் வாயில் வந்தபடியே எழுதுங்கள், "வந்தனுங்க" என்றால் "வந்தனுங்க". உங்கள் சொந்த வாக்கியங்கள் பேச்சு நடையில் வந்தாலும் சரி, எழுத்து நடையில் வந்தாலும் சரி.

படி 5: கனமான விஷயம் வந்தால்

இப்படி எழுதும்போது பழைய துக்கம் ஒன்று கிளம்பி வரலாம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீலுடன் சேர்ந்து 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களைத் தங்கள் வாழ்வின் பெரிய காயத்தைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுத வைத்தார். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் முன்பைவிடச் சோர்ந்துதான் இருந்தது. பின்னால் நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் சராசரிப் பலன் சிறியதே. அதனால் இதை வைத்தியம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எழுதினதும் மனசு கனத்தால் பயப்படாதீர்கள், எழுந்து ஒரு வேலை பாருங்கள். தாங்க முடியாது என்று தோன்றினால் நோட்டை மூடிவிட்டுச் சின்ன விஷயத்துக்குத் திரும்புங்கள். சாவு வீட்டுத் துக்கம் ஆறாத நாட்களில் இதை ஆரம்பிக்கவே வேண்டாம். உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் எழுதிக்கொண்டு உட்காராமல் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

படி 6: ஒரே ஒரு வாசகர்

சில வாரம் போன பிறகு ஒரு பக்கத்தை எடுத்து, தனியாக இருக்கும்போது சத்தமாகப் படியுங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தை மட்டும் மாற்றுங்கள். தோளுக்குப் பின்னால் நின்ற வாத்தியாரைக் கொஞ்சம் உள்ளே விடுவது இப்போதுதான்.

பிறகு ஒருவரிடம் காட்டுங்கள். வீட்டில் எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறவரும் வேண்டாம், எதைக் காட்டினாலும் "சூப்பர்" என்கிறவரும் வேண்டாம். கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "தப்பு பார்க்க வேண்டாம். எந்த இடம் மனசுல நின்னுச்சு, எது புரியலன்னு மட்டும் சொல்லுங்க." பிறரைப் பற்றி எழுதியிருந்தால் பேரை மாற்றினால் மட்டும் போதாது. நம் ஊர்களில் தென்னந்தோப்பும் வண்டி நிறமும் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

படி 7: வெளியே கொண்டு போவது

கேரளத்தில் ஜூன் 19 வாசிப்பு நாள். நூலக இயக்கத்தை வளர்த்த பி.என். பணிக்கர் 1995இல் மறைந்த நாள் அது. அந்த வாரம் வாசகசாலைகளில், அதாவது ஊர் நூலகங்களில், கூட்டம் நடக்கும். இரண்டு நிமிடம் ஒரு பக்கம் வாசிக்க அனுமதி கேளுங்கள், தமிழில்தான் வாசிப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மேடை பிடிக்காதவர்கள் மனு எழுதுங்கள். மூன்றாம் படியில் பழகியதற்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. கேரள அரசின் 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி, இங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்கும் எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும் என்பது சட்டம். மனுவில் "மிகுந்த மனவேதனை" வேண்டாம். எந்தத் தேதி, எந்த ஜன்னல், என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, இப்போது என்ன வேண்டும், இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். கொடுப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, வாங்கிக்கொண்டதற்கு ரசீது கேளுங்கள். தர யோசித்தால் இன்னொரு முறை கேளுங்கள்.