கர்னல் மேம்படுத்தலுக்குப் பின் வட்டு தென்படாவிட்டால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலைப் புதுப்பித்துவிட்டுக் கணினியை மறுபடி இயக்கும்போது, இயங்குதளம் இருக்கும் ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்ற செய்தியோடு திரை நின்றுபோனால், பார்ப்பவருக்கு முதலில் வட்டின் மேல்தான் சந்தேகம் விழுகிறது. முந்தைய நிமிடம் வரை பிழையின்றி ஓடிய வட்டு சரியாக அந்த நேரம் பார்த்துப் பழுதாவதும் நடக்கக்கூடியதே என்றாலும், வட்டைக் கணினியோடு இணைக்கும் சேமிப்புக் கண்ட்ரோலரை இயக்கும் மென்பொருளான டிரைவர் புதிய கர்னலில் ஏறவில்லை என்பதற்கே வாய்ப்பு மிகுதி. அப்படியானால் தரவு இருந்த இடத்தில் பத்திரமாக இருக்கிறது. அதற்கு ஆபத்து வருவது, கோளாற்றைச் சரிசெய்யப் போய் அவசரத்தில் எடுக்கும் நடவடிக்கைகளால்தான்.

ஆகவே, வட்டில் எதையேனும் எழுதிவிடக்கூடிய செயல்களையே முதல் தவறாகச் சொல்ல வேண்டும். பல வட்டுகளை ஒரே தொகுதியாக்கும் ரெய்டு கண்ட்ரோலரின் அமைப்புத் திரைக்குள் சென்று வட்டுத் தொகுதியை அழித்துப் புதிதாக உருவாக்குவது, மென்பொருள் ரெய்டில் இருக்கும் தொகுதியை ஒன்றுசேர்ப்பதை விட்டுவிட்டு எம்டிஏடிஎம் கருவியின் உருவாக்கும் கட்டளையைக் கொடுப்பது, கண்ணில் பட்ட ஏதோ ஒரு பகிர்வில் (வட்டின் பிரிவில்), கோப்பு முறைமையைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டுவது ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. வட்டுகளின் வரிசையோ தரவு தொடங்கும் இடமோ சற்று மாறியிருந்தாலும், உருவாக்கும் கட்டளை பழைய அடையாளக் குறிப்புகளின் மேல் புதியவற்றை எழுதி, பிறகு ஒத்திசைவு என்ற பெயரில் உள்ளடக்கத்தையும் கலைத்துவிடும். தாய்ப்பலகையின் ஃபர்ம்வேர் (வன்பொருளில் பதிந்த மென்பொருள்) ரெய்டில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ரெய்டை அறிந்த மாட்யூல் (தேவைப்படும்போது கர்னலில் ஏற்றப்படும் டிரைவர் துண்டு) ஏறாதபோது, ஒன்றன் பிரதியாக மற்றொன்று இயங்கிய இரண்டு வட்டுகளும் தனித்தனி வட்டுகளாகத் தென்படலாம். அவற்றில் ஒன்றை ஏற்றி எழுதிவிட்டால் இரண்டுக்கும் இடையே வேறுபாடு வந்துவிடும், அடுத்த ஒத்திசைவில் எந்தப் பிரதி நிலைக்கும் என்பது நம் கையில் இராது. பயாஸில் ரெய்டு, ஏஎச்சிஐ (ரெய்டு இல்லாத இயல்பு முறை) ஆகிய முறைகளை மாற்றி மாற்றிப் பார்ப்பதையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும். உள்ளடக்கத்தைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால், படிக்க மட்டும் அனுமதிக்கும் முறையில் ஏற்றலாம். ஆனால் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை அம்முறையிலும் தன் மாற்றக் குறிப்பேடான ஜர்னலைத் திருப்பி இயக்கி வட்டில் எழுதக்கூடும் என்பதால், நோலோட் என்ற தெரிவையும் சேர்த்துக் கொடுப்பதே பாதுகாப்பு.

பழைய கர்னலை மறந்துவிடுவது அடுத்த தவறு. கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப் நிரலின் பட்டியலில் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுத்து இயக்கிப் பார்த்தால், வன்பொருளா மென்பொருளா என்ற கேள்விக்குச் சில நிமிடங்களில் விடை கிடைத்துவிடும். அதில் வட்டு ஒழுங்காகத் தெரிந்தால் கேபிள்களைக் கழற்றி மாட்டும் வேலை மிச்சம். ரெட் ஹாட் வழிவந்த லினக்ஸ் விநியோகங்கள் இயல்பாக 3 கர்னல்களை வைத்துக்கொள்வது இதற்காகத்தான். இடத்தைப் பிடிக்கிறது என்று அவற்றை நீக்க விரும்புவோர், புதிய கர்னல் ஒருமுறையேனும் முழுமையாக இயங்கியதைக் கண்ட பிறகு நீக்கட்டும்.

திரையில் வரும் செய்தியைப் படிக்காமல் கடந்துபோவதுதான் அதிக நேரத்தை விழுங்கும் தவறு என்பது என் கருத்து. இரண்டு வெவ்வேறு கோளாறுகள் இங்கே ஒன்றுபோலத் தோற்றமளிக்கின்றன. கர்னல் பேனிக் ஆகி (மீள முடியாத பிழையால் நின்று), அறியப்படாத பிளாக் என்ற சொற்களுக்குப் பின் அடைப்புக்குறிக்குள் 0,0 என்று காட்டினால், பெரும்பாலும், ரூட்டை ஏற்றும் முன் தேவைப்படும் டிரைவர்களைக் கொண்ட இனிட்ராம்எஃப்எஸ் கோப்பே கர்னலின் கைக்கு வந்து சேரவில்லை. பூட் பகிர்வு நிறைந்துபோனதால் அந்தக் கோப்பு பாதியில் அறுந்திருக்கலாம், அல்லது கிரப் பட்டியலில் அதற்குரிய வரி விடுபட்டிருக்கலாம். அதற்கு மாறாக, குறிப்பிட்ட யூயூஐடி (கோப்பு முறைமையின் தனித்த அடையாள எண்) கொண்ட சாதனம் இல்லை என்று சொல்லி, கட்டளைகளை ஏற்கும் ஒரு சிறிய அவசர ஷெல்லில் கணினி நின்றால், இனிட்ராம்எஃப்எஸ் நன்றாகவே ஏறியிருக்கிறது. அதற்குள்ளிருந்து வட்டைக் கண்டுபிடிக்கத்தான் முடியவில்லை. முதல் வகைக் கோளாற்றில் டிரைவரைத் தேடி அலைவதும், இரண்டாம் வகையில் கிரப்பை மறுபடி நிறுவுவதும் வீண் உழைப்பு.

அவசர ஷெல்லைக் கண்டதும் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டாம். அங்கேயே கர்னல் பதிவைப் படிக்கலாம். எந்த மாட்யூல்கள் ஏறியுள்ளன, எந்தப் பகிர்வுகள் தெரிகின்றன என்று பார்க்கலாம். கண்ட்ரோலருக்குரிய மாட்யூலை மோட்புரோப் கட்டளையால் கையால் ஏற்றியும் பார்க்கலாம். மாட்யூலே இல்லை என்று பதில் வந்தால், அது இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேர்க்கப்படவில்லை. வட்டைப் படிக்கத் தேவையான டிரைவர் அந்த வட்டிலேயே அடைபட்டுக் கிடப்பது, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதற்கு ஒப்பானது. மாட்யூல் ஏறி வட்டும் தெரிந்துவிட்டால், ஷெல்லைவிட்டு வெளியேறினாலே பூட் தொடரும் வாய்ப்பு உண்டு. அதன்பின் டெபியன் வகைகளில் இனிட்ராம்எஃப்எஸ் கருவியின் மாட்யூல் பட்டியலிலோ, அதே வேலைக்கு டிராகட் கருவியைப் பயன்படுத்தும் விநியோகங்களில் அதன் அமைப்புக் கோப்பிலோ அந்தப் பெயரைச் சேர்த்துக் கோப்பை மறுபடி உருவாக்க வேண்டும்.

மறுபடி உருவாக்கும் இந்த இடத்தில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. மீட்பு யூஎஸ்பியில் பூட் செய்து, வட்டில் உள்ள இயங்குதளத்துக்குள், அதன் அடைவையே ரூட்டாகக் கொள்ளச் செய்யும் சிஹெச்ரூட் வழியாக நுழைந்து, டிராகட் கட்டளையை வெறுமனே கொடுப்பார்கள். பதிப்பு எண்ணைச் சொல்லாவிட்டால் அக்கட்டளை, அப்போது ஓடிக்கொண்டிருக்கும் கர்னலுக்கு, அதாவது யூஎஸ்பியில் உள்ள கர்னலுக்குக் கோப்பு தயாரிக்க முயலும். வட்டில் நிறுவப்பட்ட புதிய கர்னலின் முழுப் பதிப்பு எண்ணைக் கட்டளையிலேயே எழுத வேண்டும். சிஹெச்ரூட்டுக்குள் பூட் பகிர்வையும், டெவ், ப்ராக், சிஸ் ஆகிய அடைவுகளையும் ஏற்றியிருக்க வேண்டும். பூட் பகிர்வை ஏற்ற மறந்தால் கோப்பு வெற்று அடைவில் போய் உட்கார்ந்துகொள்ளும், கட்டளையோ பிழை எதுவும் சொல்லாது. கண்ட்ரோலர் அட்டையை மாற்றியவர்கள் டிராகட்டின் ஹோஸ்ட்ஒன்லி முறையையும் கவனிக்க வேண்டும், ஏனெனில் அது கோப்பு உருவான நேரத்தில் கண்ணில் பட்ட வன்பொருளுக்கான மாட்யூல்களை மட்டுமே சேர்க்கும்.

மாட்யூல் ஏறியும் வட்டு வராத நிலையைப் பலர் டிரைவரில் உள்ள பிழை என்று எண்ணிவிடுகிறார்கள். ஒரு மாட்யூல் இருப்பதும், அது குறிப்பிட்ட கண்ட்ரோலரை ஆதரிப்பதும் வேறு வேறு. 2019-இல் வெளிவந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8, மெகாரெய்டு, எம்பிடி3எஸ்ஏஎஸ், எச்பிஎஸ்ஏ போன்ற மாட்யூல்களைத் தக்கவைத்துக்கொண்டு, அவற்றிலிருந்து பழைய அட்டைகளின் பிசிஐ அடையாள எண்களை மட்டும் நீக்கியது. எல்எஸ்பிசிஐ கட்டளை காட்டும் நிறுவன எண்ணும் சாதன எண்ணும், மாட்இன்ஃபோ காட்டும் பட்டியலில் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டால் ஐயம் தீர்ந்துவிடும். இல்லையென்றால் எத்தனை முறை இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்கினாலும் பயனில்லை. எல்ரெப்போ போன்ற களஞ்சியத்திலிருந்து அந்த ஆதரவோடு கட்டப்பட்ட மாட்யூலைப் பெற வேண்டும், அல்லது அட்டையை மாற்ற வேண்டும். பெயர் மாற்றங்களும் குழப்பும். கர்னல் 4.4-இல் எம்பிடி2எஸ்ஏஎஸ் தனி மாட்யூலாக இல்லாமல் எம்பிடி3எஸ்ஏஎஸ்ஸோடு இணைந்தது. கர்னல் 4.14-இல் சிசிஐஎஸ்எஸ் டிரைவர் நீக்கப்பட்டு அதன் அட்டைகள் எச்பிஎஸ்ஏ வசம் வந்தன. அதனால் வட்டின் பெயரே எஸ்டிஏ என்ற பாணிக்கு மாறியது. பழைய பெயரை, எந்தப் பகிர்வை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதி வைத்திருந்த கணினி, டிரைவர் நலமாக இருந்தும் பூட் ஆகாது. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற வரிசைக்கே கர்னல் எந்த உறுதியும் தருவதில்லை என்பதால், யூயூஐடியைப் பயன்படுத்துவதே முறை.

கர்னல் மூலத்துக்கு வெளியிலிருந்து வரும் டிரைவர்கள் தனி ரகம். ஒவ்வொரு கர்னலுக்கும் மாட்யூலை மறுபடி கட்டித் தரும் டிகேஎம்எஸ் வழியாக அவற்றைக் கட்டுவதற்குப் புதிய கர்னலுக்கான ஹெடர் தொகுப்பு தேவை. அது நிறுவப்படாவிட்டால் கட்டுமானம் தோற்கும், மேம்படுத்தலோ முடிந்துவிட்டதாகக் காட்டக்கூடும். மறுஇயக்கத்துக்கு முன் டிகேஎம்எஸ் நிலையைக் கேட்டுப் பார்ப்பது ஒரு நொடி வேலை. கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் இயக்கவிடும் செக்யூர் பூட் இயங்கும் கணினிகளில், கட்டப்பட்ட மாட்யூல் நம்பகமான சாவியால் கையொப்பமிடப்படாவிட்டால் கர்னல் அதை ஏற்காது. அதற்காக செக்யூர் பூட்டை நிரந்தரமாக அணைத்துவிடச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. சொந்தச் சாவியைப் பதிவு செய்வது ஒருமுறை செய்ய வேண்டிய வேலைதான்.

வட்டு தெரிகிறது, ஆனால் சுமை ஏறும்போது காலாவதிப் பிழைகளும் மீட்டமைப்புகளும் வருகின்றன என்றால், டிரைவர் இல்லை என்ற திசையில் தேடக்கூடாது. எஸ்சிஎஸ்ஐ வட்டுகள் ஒரு கட்டளைக்கு விடை தரக் கர்னல் இயல்பாக 30 நொடிகள் காத்திருக்கும். அதை உயர்த்திவிட்டால் பதிவில் பிழைகள் குறையலாம், காரணம் மட்டும் அப்படியே இருக்கும். புதிய கர்னல் இயல்பாகவே இயக்கிவிட்ட ஏதோ ஒரு வசதி பழைய ஃபர்ம்வேருக்கு ஒத்துவராமல் போவது இங்கே வழக்கமான காரணம். 4.11-இல் என்விஎம்இ வட்டுகளுக்குத் தானியங்கி மின்சேமிப்பு இயக்கப்பட்டபோது சில வட்டுகள் திணறின. சாதனங்கள் நினைவகத்தை அணுகுவதைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யூ இயல்பாக இயங்கத் தொடங்கியதும் சில மார்வெல் சாட்டா கண்ட்ரோலர்கள் தடுமாறின. ஃபர்ம்வேரைப் புதுப்பித்துப் பார்ப்பதும், சந்தேகத்துக்குரிய வசதியை ஒரு பூட்டுக்கு மட்டும் கர்னல் கட்டளை வரியில் அணைத்துப் பார்ப்பதும் சரியான வழி. இணையத்தில் கண்ட ஐந்தாறு அளவுருக்களை ஒன்றாகச் சேர்த்து எழுதினால், பிரச்சினை தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. அவை ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிடவும் செய்யும். 5.0-இல் பழைய பிளாக் அடுக்கோடு, வட்டு வேலைகளை வரிசைப்படுத்தும் சிஎஃப்க்யூ நீங்கிய பின்னும், அதைக் கேட்கும் வரியைச் சுமந்துகொண்டிருக்கும் கணினிகள் உண்டு.

உதவி கேட்கும்போது, பூட் ஆகவில்லை என்று மட்டும் எழுதுவது யாருக்கும் உதவாது. ரூட் ஏறாத நிலையில் பதிவுகள் வட்டில் சேர்வதில்லை; டிராகட் தயாரிக்கும் அறிக்கைக் கோப்பும் நினைவகத்தில்தான் இருக்கும் என்பதால், கணினியை அணைக்கும் முன் அதை யூஎஸ்பியில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். ஷெல்கூட வராதபோது, கர்னல் செய்திகளை வேறொரு கணினிக்கு அனுப்பும் சீரியல் கன்சோலோ நெட்கன்சோலோ கைகொடுக்கும். பழைய, புதிய கர்னல்களின் பதிப்பு எண்கள், கண்ட்ரோலரின் பிசிஐ எண்கள், ஃபர்ம்வேர் பதிப்பு, இரண்டு கர்னல்களிலும் எடுத்த முழுப் பதிவு ஆகியவை சேர்ந்தால் டிரைவரைப் பராமரிப்பவர் வேலையைத் தொடங்கிவிடலாம். கோளாறு கர்னல் மூலத்திலேயே நுழைந்தது என்று தெரிந்தால், மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட் இருக்கிறது: இரண்டு பதிப்புகளுக்கு இடையே 1000 மாற்றங்கள் இருந்தாலும், சுமார் 10 கர்னல்களைக் கட்டி இயக்கிப் பார்த்தால் குற்றவாளி மாற்றத்தைப் பிடித்துவிடலாம்.