கேமராவோடு கரையிலிருந்து கடலுக்குள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலித் தீவின் வடகிழக்குக் கரையில் துலாம்பென் என்று ஒரு சிற்றூர். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோவில் அடிபட்ட 'லிபர்ட்டி' என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலை இழுத்து வந்து இந்தக் கரையில்தான் ஏற்றினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கரையிலேயே கிடந்த கப்பல், 1963இல் அகுங் எரிமலை வெடித்தபோது வந்த நில அதிர்வில் கடலுக்குள் சரிந்தது. சுமார் 120 மீட்டர் நீளக் கப்பல். மேல்பகுதி 5 மீட்டர் ஆழத்திலேயே தொடங்கிவிடும், அடிப்பகுதி 30 மீட்டர் வரை போகும். படகே வேண்டாம், கரையிலிருந்து நடந்து இறங்கிக் கொஞ்ச தூரம் நீந்தினால் போதும். அதனால்தான் தண்ணீருக்கடியில் படம் எடுக்கப் பழகுகிறவர்கள் இந்த ஊருக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள்.

நானும் அங்கேதான் பழகினேன். அங்கே போய்வந்த நாட்களில் நான் பார்த்தவரை, கேமராக்கள் வீணானதெல்லாம் 30 மீட்டர் ஆழத்தில் இல்லை. முழங்கால் அளவு தண்ணீரிலும், முந்தின இரவு அறையின் மேசைமீதும்தான்.

மேசையிலிருந்தே தொடங்குகிறேன். கேமராவைத் தண்ணீர் புகாமல் மூடும் பெட்டியான ஹவுசிங்கின் இரு பாதிகளுக்கு நடுவே இருக்கும் ஓ-ரிங், மெல்லிய ஒரு ரப்பர் வளையம். கடலுக்கும் கேமராவுக்கும் இடையே அது ஒன்றுதான் காவல். என் முதல் கேமரா போனது ஒரு முடியால். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே ஹவுசிங்கை மூடினேன். மறுநாள் இரண்டு மீட்டர் இறங்குவதற்குள் ஹவுசிங் கண்ணாடியின் அடியில் ஒரு சிறு நீர்க்கோடு ஆடியது. மேலே வந்து திறந்து பார்த்தால், வளையத்தின் குறுக்கே அரை அங்குல நீளத்தில் ஒரு முடி. தண்ணீர் உள்ளே வர அந்த வழியே போதும்.

டைவ் நாளன்று காலை, வண்டி வாசலில் நிற்கும்போது ஹவுசிங்கை மூடாதீர்கள். முந்தின இரவே கையைக் கழுவி, நல்ல வெளிச்சத்தில், விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். வளையத்தைக் கழற்றி இரண்டு விரலுக்கு நடுவே மெதுவாக இழுத்து வாருங்கள். மணல் துகள் இருந்தால் கண்ணுக்கு முன் விரலுக்குத் தெரியும். அது உட்காரும் பள்ளத்தையும் துடைக்க மறக்கக்கூடாது. கிரீஸை அள்ளிப் பூசினால் பாதுகாப்பு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கிரீஸ் தண்ணீரைத் தடுப்பதில்லை, வளையம் வழுக்கி ஒழுங்காக உட்கார உதவுகிறது, அவ்வளவுதான். அதிகம் பூசினால் அதுவே மணலை ஒட்ட வைக்கும். ரப்பர் லேசாக மினுமினுத்தால் போதும், அதுவும் அந்த ஹவுசிங்கோடு வந்த கிரீஸாக இருக்கட்டும். வேறு வகை கிரீஸ் சில வளையங்களை உப்ப வைத்துவிடும்.

குளிரூட்டிய அறையில் மூடுவது நல்லது. அங்கே காற்று உலர்ந்திருக்கும். ஈரக்காற்றோடு மூடிவிட்டால், கடலுக்குள் போனதும் கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படியும், அந்த டைவ் முழுக்கப் பனிமூட்டம்தான். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போடுங்கள். மூடிய ஹவுசிங்கைக் கரையில் வெயிலில் வைக்காதீர்கள், மேலே ஈரத்துண்டு ஒன்றைப் போட்டு வையுங்கள். புது ஹவுசிங் என்றால் முதல் டைவுக்குக் கேமரா இல்லாமல் காலியாகக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

ஆழம் போகப் போகத்தான் கசியும் என்ற பயம் பாதிதான் சரி. ஆழத்தில் நீரழுத்தம் ஹவுசிங்கை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. சரியாக உட்காராத வளையம் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு மீட்டரிலேயே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இறங்கியதும் அங்கேயே நின்று, கேமராவைக் கண்ணாடி கீழே பார்க்கும்படி பிடித்து, குமிழி வருகிறதா, உள்ளே துளி தெரிகிறதா என்று பாருங்கள். அரை நிமிட வேலை. துளி தெரிந்தால் அதே நிலையில் பிடித்தபடி மேலே வந்துவிடுங்கள். கேமரா பிழைக்க வாய்ப்பு இருக்கிறது.

சரி, இப்போது கரை. துலாம்பெனில் மணல் குறைவு. எலுமிச்சை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை கருங்கற்கள். அலை பின்வாங்கும்போது காலடியில் உருளும். ஊர்ப் பெண்கள் காற்று டேங்கைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தக் கல்மேல் அநாயாசமாக நடப்பார்கள். நமக்கு அது வராது. முதுகில் டேங்க், இடுப்பில் ஈய எடை, கையில் கேமரா என்று தடுமாறுவோம். இங்கே நடக்கும் முதல் தவறு, வந்ததும் இறங்கிவிடுவது. அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. சில பெரியவை சேர்ந்தாற்போல வந்து அடிக்கும், அப்புறம் கடல் கொஞ்சம் மூச்சு விடும். பத்து நிமிடம் நின்று பார்த்தால் அந்தக் கணக்கு பிடிபடும், அந்த ஓய்வில் இறங்கலாம்.

கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்குவது ஆபத்து. கயிறு, டேங்கிலிருந்து மூச்சுக்குக் காற்று தரும் ரெகுலேட்டரின் குழாயில் சிக்கும், அலை அடித்தால் ஹவுசிங் முகத்தில் வந்து இடிக்கும். நான் செய்வது இது: கேமராவைத் துணைக்கு வருபவரிடம் கொடுத்துவிட்டு, மாஸ்க்கை மாட்டி, ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொண்டு முதலில் இறங்குகிறேன். மார்பளவு தண்ணீரில் மிதந்தபடி ஃபின்ஸ் எனும் கால் துடுப்புகளைப் போட்டுக்கொள்கிறேன். அதன்பிறகு அவர் கேமராவை நீட்ட, வாங்கி ஒரு சுருள்கயிற்றால் தோள்பட்டை வளையத்தில் மாட்டுகிறேன். அந்தக் கொக்கி ஒரு கையால் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அலையில் விழ நேர்ந்தால் கேமராவை விடுங்கள், கையை ஊன்றுங்கள். கேமராவைத் தூக்கிப் பிடித்தபடி விழுந்து முழங்கால் கிழிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உள்ளே போனபின் வரும் பெரிய தவறுக்கும் கேமராவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் டேங்கில் எவ்வளவு காற்று மிச்சம் என்பதே மறந்துபோகும். 10 மீட்டரில் மொத்த அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. அப்படியென்றால் அதே மூச்சுக்கு 30 மீட்டரில் காற்று, 10 மீட்டரில் தீர்வதைப்போல் இரண்டு மடங்கு வேகமாகத் தீரும். அங்கே ஒரு சின்ன மீனுக்காகப் பத்து நிமிடம் காத்திருப்பது லேசான விஷயம் இல்லை. நான்கைந்து படத்துக்கு ஒருமுறை காற்று அளவியைப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள், கூட வந்தவர் எங்கே என்றும் பாருங்கள். மிதப்பைக் கட்டுப்படுத்த வராதவர் கையில் கேமரா வேண்டாம் என்பது என் கருத்து. குறைந்தது இருபது, முப்பது டைவ் முடியட்டும். அதற்குமுன் கேமரா பிடித்தவர், நிலைக்காகப் பவளத்தைப் பிடிப்பார் அல்லது அதன்மேல் மண்டியிடுவார்.

கரைவழி டைவில் ஒரு வசதி உண்டு. ஆழமான இடத்தை முதலில் முடித்துக்கொண்டு சரிவிலேயே படிப்படியாக ஏறி வரலாம். லிபர்ட்டியின் மேல்பகுதி 5 மீட்டரில் இருப்பதால், மேலே வருமுன் பாதுகாப்புக்காக அந்த ஆழத்தில் நிற்க வேண்டிய மூன்று நிமிடத்திலும் படம் எடுக்கலாம். வெளிச்சமும் அங்கேதான் நன்றாக இருக்கும்.

படங்கள் நீலமாக வருவதற்குக் காரணம் தூரம். தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்கும், 5 மீட்டர் தாண்டினாலே அது பெருமளவு போய்விடும். ஸ்ட்ரோப் எனும் நீரடி ஃபிளாஷின் வெளிச்சம் அதைத் திருப்பித் தரும், ஆனால் அந்த ஒளியும் தண்ணீர் வழியாகத்தான் போய்வர வேண்டும். ஒரு மீட்டருக்குள் நெருங்காமல் எடுத்தால் பயனில்லை. தண்ணீரில் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், அதனால் நெருங்கிவிட்டோம் என்று கண் நம்மை நம்ப வைக்கும். போதும் என்று தோன்றும் இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் நெருங்குங்கள். படத்தில் வெள்ளைப் புள்ளிகள் தூறலாக விழுந்தால், ஸ்ட்ரோப் லென்ஸுக்கு மிக அருகில் இருக்கிறது என்று பொருள். இரண்டு ஸ்ட்ரோப் இருந்தால் இரண்டையும் பக்கவாட்டில் விரித்து, சற்று வெளிநோக்கித் திருப்பி வையுங்கள். கப்பலைப் போன்ற பெரிய பொருளுக்கு ஸ்ட்ரோப் எட்டாது. அங்கே இயற்கை ஒளியை நம்பி, அந்த ஆழத்திலேயே கேமராவின் வெள்ளைச் சமநிலையை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் நிற அமைப்பை, சரிசெய்துகொள்ளுங்கள்.

மீனைத் துரத்தாதீர்கள். துரத்தினால் கிடைப்பது வால்தான். விடியற்காலையில் இறங்கினால், கப்பலுக்குள் இரவு தங்கிய பெரிய நெற்றிக் கிளிமீன்கள் கூட்டமாக வெளியே வருவதைப் பார்க்கலாம். ஓரிடத்தில் மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு நின்றால் அவையே நம்மைக் கடந்து போகும். கடல் விசிறி எனும் விசிறி வடிவப் பவளத்தில் ஒட்டியிருக்கும் குட்டைக் கடல் குதிரை இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்காது. அது முகத்தைத் திருப்பிக்கொண்டால், குச்சியால் தொட்டுத் திருப்புகிறவர்கள் உண்டு. அதைச் செய்யவே செய்யாதீர்கள். கண்ணை மூடிக்கொள்ள அதற்கு இமை கிடையாது. மூன்று, நான்கு ஃபிளாஷ் அடித்துவிட்டு விலகிவிடுங்கள். அடுத்தவர் வரிசையில் காத்திருந்தால் அவரிடமும் அதையே சொல்லுங்கள்.

வெளியேறும்போது ஃபின்ஸைச் சீக்கிரம் கழற்றிவிட்டு அலையிடம் மாட்டிக்கொள்கிறார்கள். ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கட்டும். முதலில் கேமரா கரைக்குப் போகட்டும், அப்புறம் நீங்கள் ஏறலாம். வாங்க யாரும் இல்லையென்றால், அலை ஓயும் நேரம் பார்த்து, கேமராவை மார்போடு அணைத்துத் தவழ்ந்து ஏறுங்கள். எழுந்து நின்று ஏறினால்தான் கல் புரட்டிவிடும்.

கரை ஏறியதும் உப்பு காயுமுன் நல்ல தண்ணீரில் ஊற வையுங்கள். உப்பு காய்ந்துவிட்டால் பொத்தான்களின் அடியில் படிகமாகி உட்கார்ந்துகொள்ளும். நாலு பேர் கேமராக்கள் முட்டிமோதும் பொதுத் தொட்டியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், கொக்கிகள் அங்கே திறந்துகொண்ட கதைகள் உண்டு. அரை மணி நேரம் உங்கள் வாளியிலேயே ஊறட்டும், இடையிடையே ஒவ்வொரு பொத்தானையும் தண்ணீருக்குள் அழுத்தி விடுங்கள். திறக்குமுன் உங்கள் தலையையும் துவட்டிக்கொள்ளுங்கள். முடியிலிருந்து சொட்டும் ஒரு துளி நேராக லென்ஸ்மேல்தான் விழும்.