குடல் சத்திரசிகிச்சைக்குப் பின் ஸ்கேனில் கட்டி தெரிந்தால் என்ன செய்வது?

பெருங்குடல் புற்றுநோய்க்காகக் குடலின் ஒரு பகுதியை அகற்றியவருக்கு, பின்னாளில் எடுத்த சி.டி. ஸ்கேனில் தையலிட்ட இடத்தருகே கட்டி தெரிகிறது என்றதும், நோய் திரும்பிவிட்டதென்றே வீட்டார் முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் பட்டு நூல் போன்ற கரையாத தையலை அந்நியப் பொருளாகக் கண்ட உடல், அதைச் சுற்றி அழற்சிக் கலங்களைத் திரட்டி உண்டாக்கும் கிரனுலோமா என்ற தீங்கற்ற கட்டியும் ஸ்கேனில் அதே தோற்றம் தரும். அது பல வருடங்கள் கழித்தும் தோன்றலாம்.

முதலில் சத்திரசிகிச்சைக் குறிப்பைத் தேடி எடுங்கள். கண்டியில் சத்திரசிகிச்சை, மஹரகமவில் மருந்தேற்றல், ஹட்டன் பக்கத் தோட்டத்தில் வீடு என்று சிதறிக் கிடக்கும் நோயாளியின் கதையை ஒன்றுசேர்ப்பது அந்தக் காகிதங்கள்தாம். எந்த நூல் பயன்பட்டது, வயிற்றுச் சுவரைத் தாங்கச் செயற்கை வலை வைக்கப்பட்டதா, தையலில் கசிவு ஏற்பட்டுச் சீழ் கட்டியதா என்பவற்றை அவற்றிலிருந்து அறியலாம். பழைய ஸ்கேன் படங்களும் அவசியம்; கட்டி வளர்கிறதா, அப்படியே இருக்கிறதா என்பதை ஒப்பிட்டே சொல்ல முடியும். லயத்துக் காம்பராவின் ஈரத்தில் கிளினிக் கொப்பி பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், பிளாஸ்டிக் உறையிலிட்டு, கைபேசியிலும் படமெடுத்து வையுங்கள்.

பெருங்குடல் புற்றுநோயில் உயரக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் சி.ஈ.ஏ. இரத்தப் பரிசோதனை ஒருமுறை உயர்ந்திருப்பது போதிய சான்றன்று. புகைபிடித்தலாலும் ஈரல் நோயாலும் அது உயரும், நோய் திரும்பியும் உயராதிருப்பதும் உண்டு. கதிரியக்கச் சர்க்கரையை ஊசியால் ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேனில் கட்டி ஒளிர்வதும் அப்படியே: அந்தச் சர்க்கரையைப் புற்றுக் கலங்களைப் போல அழற்சிக் கலங்களும் உறிஞ்சும். நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் குடிப்பவரின் குடல் முழுவதுமே ஒளிரக்கூடுமாதலால், அதை முன்கூட்டியே சொல்லுங்கள். தாமாக மருந்தை நிறுத்த வேண்டாம்.

ஐயம் நீடித்தால், இழையத்தை எடுத்துப் பரிசோதிக்க முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். குடலின் உட்புறமாயின் மலவாய் வழியே கமராக் குழாயைச் செலுத்தும் கொலனோஸ்கோப்பி மூலமும், வெளிப்புறமாயின் ஸ்கேன் வழிகாட்ட ஊசி மூலமும் எடுப்பார்கள். நூலைச் சூழ்ந்து, அழற்சிக் கலங்கள் பல ஒன்றிணைந்து உண்டான இராட்சதக் கலங்கள் நுணுக்குக்காட்டியில் தெரிந்தால் கிரனுலோமாவுக்குச் சான்று. ஊசி உரிய இடத்தில் படாமலும் போகலாம். ஆகையால் புற்றுக் கலம் இல்லையென்று ஒரு முடிவு வந்தவுடன் கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். ஒருநாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போனாலும், அடுத்த ஸ்கேன் திகதியைத் தவறவிடக் கூடாது. மலத்தில் இரத்தம், வாந்தியோடு வயிறு ஊதி மலமும் வாயுவும் நிற்றல் ஆகியவை கண்டால், அந்தத் திகதிக்கும் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.