மொச்சையை அறுத்துக் காய வைப்பது

பாலக்கோடு பக்கம் கேழ்வரகில் ஊடுபயிராக விதைத்த மொச்சை, கேழ்வரகு அறுவடை முடிந்த பிறகுதான் தாராளமாகப் படரும். பகல் குறுகினால்தான் பூக்கும் நாட்டு ரகம். காயெல்லாம் ஒன்றாக முற்றாது. நுனிக்காயும் முற்றட்டும் என்று காத்திருப்பது பேராசை. முக்கால் பங்கு காய்ந்து நெற்றாகி, ஆட்டினால் உள்ளே கலகலவென்று கேட்டால் அரிவாளை எடுத்துவிடுங்கள். பச்சைக் காயைத் தொட்டால் கையில் ஒட்டும் பிசுக்கும் வாசனையும் நெற்றில் இருக்காது. அதுவே நல்ல அடையாளம்.

பனி ஈரம் உலருமுன் அறுங்கள். வெயில் ஏறினால் நெற்று அரிவாள் பட்டதும் வாய் பிளந்து, கொட்டை புழுதியில் சிதறும்.

கொடியைக் களத்தில் மெல்லியதாகப் பரப்பி, தினமும் புரட்டிவிட வேண்டும். மாலையில் குவித்துத் தார்ப்பாயால் மூடாவிட்டால் பனியில் நமத்துவிடும். பிறகு தடியால் அடித்துத் தூற்றலாம். சாலையில் பரப்பி வண்டிகளை ஏறவிடும் வழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. கொட்டை உடைகிறது, இருசக்கர வண்டிக்காரர்கள் வழுக்கி விழுகிறார்கள்.

அடித்த கொட்டையையும் மறுபடி வெயிலில் போடுங்கள். கடித்தால் பல் பதியக் கூடாது, 'டக்'கென்று உடைய வேண்டும். ஈரப்பதம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது.

கொட்டையைத் துளைக்கும் வண்டு வயலிலேயே நெற்றின் மேல் முட்டையிட்டுவிடும். அதனால் விதைக்கு வைப்பதைச் செம்மண் குழம்பில் புரட்டி, மண் உதிராதபடி உலர்த்தி, ஆறிய பிறகே மூட்டை கட்டுகிறேன்.