மெக்னீசியம் குறைந்ததால் வந்த படபடப்பு

நெஞ்செரிச்சலுக்காகப் பல வருடமாகப் பாண்டோபிரசோல் போட்டுவந்தேன். போகப்போக இரவில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். படுத்தால் இதயம் ஒரு துடிப்பை விட்டுவிட்டு அடுத்ததை ஓங்கி அடிக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு என்று சிரப் கொடுத்தார்கள். ஏறவே இல்லை.

அப்புறம் வேறொரு மருத்துவர் மருந்துச் சீட்டைப் பார்த்ததுமே, பாண்டோபிரசோலை நீண்ட நாள் எடுத்தால் மெக்னீசியம் குறையலாம் என்று ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கச் சொன்னார். 1.1தான் இருந்தது, 1.7க்கு மேல் இருக்க வேண்டும். மெக்னீசியம் குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தையும் வெளியே விட்டுவிடுமாம்! டிரிப்ஸில் மெக்னீசியம் ஏற்றி, பாண்டோபிரசோலுக்குப் பதில் அமிலத்தைக் குறைக்கும் வேறு வகை மாத்திரையான ஃபமோடிடின் கொடுத்தார். துடிப்பு சீரானது.

மாத்திரையை மாற்றியதுதான் முக்கியம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011இல் பாண்டோபிரசோல் வகை மாத்திரைகளைப் பற்றி எச்சரித்தபோதே, மெக்னீசியம் குறைந்தவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு மெக்னீசியம் கொடுத்தது மட்டும் போதவில்லை என்று சொன்னது. இவ்வகை மாத்திரையோடு, சிறுநீரை அதிகம் போக்கும் நீர் மாத்திரையும் சேர்த்து எடுப்பவர்கள் தயவுசெய்து மருத்துவரிடம் மெக்னீசியம் பரிசோதனையைக் கேளுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.